எழுத்து ஏறவில்லையா, கண் தெரியவில்லையா?

(கற்போர் மையங்களில் வாசிப்பதற்கான உரை)

 

இன்றைய பேச்சு கண்ணைப் பற்றியது. கண்ணாடியைப் பற்றியது. முதலில் ஒரு பூக்கார அம்மாவைப் பார்ப்போம்.

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு பூக்கார அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது 46. விடியும் முன்பே எழுந்து சிட்டி மார்க்கெட்டுக்குப் போவார். மல்லியும் கனகாம்பரமும் வாங்கி வருவார். பகல் முழுக்கப் பூக் கட்டுவார், தெருத்தெருவாக விற்பார். இரவு எட்டு மணிக்குப் பாடம் படிக்க வருவார்.

முதல் மாதம் ஆசையாக வந்தார். கரும்பலகையில் பெரிதாக எழுதிய எழுத்தை எல்லோருக்கும் முன்னால் சொன்னார். பிறகு கையில் புத்தகம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தடுமாற்றம். வரி ஓடியது. எழுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டியது. பத்து நிமிடத்தில் தலை வலித்தது. மூன்றாம் மாதம் நின்றுவிட்டார்.

பாடம் சொல்லித் தரும் பெண் வீடு தேடிப் போய்க் கேட்டார். "ஏம்மா வரல?"

"இந்த வயசுல எனக்கு எங்க கண்ணு எழுத்து ஏறும்? சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு. என்னை விட்டுடு."

இது கற்பனைதான். ஆனால் இப்படி ஒருவர் இல்லாத தெரு கிடையாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்தடி தள்ளி இருந்த கரும்பலகையில் எழுத்து ஏறியது. ஒரு அடி தூரத்தில் இருந்த புத்தகத்தில் ஏறவில்லை. அப்படியானால் குறை மண்டையிலா, கண்ணிலா?

எர்ணாகுளத்தில் நடந்தது

இது நடந்த கதை. கேரளத்தில் எர்ணாகுளம் என்று ஒரு மாவட்டம். அங்கே 1989-ல் எல்லோருக்கும் எழுத்தறிவு தர ஒரு பெரிய இயக்கம் தொடங்கியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்தின. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

வயதானவர்கள் பலரால் புத்தகத்தைப் பார்க்கவே முடியவில்லை. காரணம் சோம்பலும் இல்லை, மந்த புத்தியும் இல்லை. கிட்டத்துப் பார்வை குறைந்திருந்தது. தொண்டர்கள் மக்களிடம் போய்க் கண்ணாடி கேட்டார்கள். ஏறக்குறைய 50,000 மூக்குக் கண்ணாடிகள் நன்கொடையாக வந்து குவிந்தன. யாருக்கு எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று பார்க்கவும் தொண்டர்கள் கற்றுக்கொண்டார்கள்.

1990 பிப்ரவரி 4 அன்று, முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அதுதான் முதல் மாவட்டம். அந்த வெற்றியில் சிலேட்டுக்கும் பலப்பத்துக்கும் பங்கு உண்டு. மூக்குக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு.

வெள்ளெழுத்து என்றால் என்ன?

கண்ணின் கருப்பு வட்டத்துக்குப் பின்னால் ஒரு சிறிய வில்லை இருக்கிறது. இயற்கையாக அமைந்த லென்ஸ் அது. தூரத்தில் பார்க்கும்போது அது தட்டையாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது கொஞ்சம் உப்பிக்கொள்ளும். சின்ன வயதில் அது மெத்தென்று இருக்கிறது. வயது ஏற ஏற இறுகிப்போகிறது. 40 வயதைத் தாண்டும்போது போதுமான அளவு உப்ப முடிவதில்லை. கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குகிறது. இதுதான் வெள்ளெழுத்து.

கன்னடத்தில் இதைச் 'சாளீசு' என்பார்கள். இந்தியில் 'சாலீஸ்' என்றால் 40. வயதே பெயராகிவிட்டது. இது நோய் அல்ல. தலை நரைப்பது போல எல்லோருக்கும் வருவது.

அடையாளம் எளிது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறீர்களா? அரிசியில் கல் தெரியவில்லையா? மாத்திரை அட்டையைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறீர்களா? மாலை வெளிச்சத்தில் போன் நம்பர் மங்குகிறதா? ஆனால் மெஜஸ்டிக்கில் தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பர் நன்றாகத் தெரிகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் வெள்ளெழுத்துதான்.

பஸ் நம்பரே தெரியவில்லை என்றால் அது வேறு குறை. அதற்கு வேறு கண்ணாடி.

நாலு பேர் சொல்வதும் உண்மையும்

"கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும்" என்பார்கள். கெடாது. போட்டாலும் போடாவிட்டாலும் வெள்ளெழுத்து 60 வயது வரை மெல்லக் கூடிக்கொண்டுதான் போகும். அது வயதின் வேலை. கண்ணாடியின் குற்றம் இல்லை.

"கேரட்டும் கீரையும் சாப்பிட்டால் கண்ணாடி வேண்டாம்" என்பார்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட் எல்லாம் நல்லவை. அவற்றிலிருந்து கிடைக்கும் வைட்டமின் 'ஏ' சத்து, குழந்தைகளை மாலைக்கண் நோயிலிருந்து காக்கும். ஆனால் இறுகிப்போன வில்லையைக் கீரை இளக்காது.

"பொம்பளைப் பிள்ளை கண்ணாடி போட்டால் யார் கட்டிக்குவாங்க?" என்பார்கள். கண்ணாடி இல்லாமல் கரும்பலகை தெரியாத பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறது. அந்த நஷ்டம்தான் வாழ்நாள் நஷ்டம்.

"மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டால் சரியாகும்" என்பார்கள். எந்தச் சொட்டு மருந்தையும் தானாக வாங்கி விடாதீர்கள். சில மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. நெடுநாள் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், புரையும் வரும்.

எங்கே போவது?

பூக்கார அம்மா தினமும் போகும் சிட்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே மிண்டோ கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி. 1896-ல் சிறிய கண் மருத்துவமனையாகத் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1913-ல் திறக்கப்பட்டது. வைஸ்ராயாக இருந்த மிண்டோ பிரபுவின் பெயரை வைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாக ஏழை எளியவர்களின் கண்ணைப் பார்த்துவரும் இடம் அது.

வழி தெரியாவிட்டால் "கண்ணின ஆஸ்பத்ரே எல்லிதே?" என்று கன்னடத்தில் கேளுங்கள். யாரும் கை காட்டுவார்கள். காலையில் சீக்கிரம் போங்கள். ஆதார் கார்டும் ரேஷன் கார்டும் கையில் இருக்கட்டும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கண் முகாம் எப்போது என்று சொல்வார்கள்.

1976 முதல் நம் நாட்டில் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் நடக்கிறது. அதில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், வெள்ளெழுத்து வந்த முதியவர்களுக்கும் இலவசக் கண்ணாடி தர வழி உண்டு. "இலவசக் கண்ணாடி கிடைக்குமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

"எழுத்தே தெரியாது, அங்கே எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னால் மானம் போகுமே" என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். எழுத்து தெரியாதவர்களுக்கென்றே ஒரு அட்டை இருக்கிறது. அதில் மூன்று பல் உள்ள சீப்பு போல ஒரே உருவம், மேலே, கீழே, இடது, வலது என்று திரும்பித் திரும்பி இருக்கும். பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். அந்த அட்டை 6 மீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டது. 6/6 என்று எழுதினால் தூரப் பார்வை நன்றாக இருக்கிறது என்று பொருள். 6/60 என்றால், நல்ல கண் 60 மீட்டரில் பார்ப்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் பார்க்கிறது என்று பொருள்.

போகும்போது இரண்டு பொருள் எடுத்துப் போங்கள். ஒன்று, உங்கள் வாசிப்புப் புத்தகம். இன்னொன்று, நீங்கள் வேலை செய்யும் பொருள். தையல் வேலை என்றால் ஊசியும் நூலும். பூக் கட்டுபவர் என்றால் நாரும் நாலு மொட்டும். "இந்தத் தூரத்தில் வைத்துத்தான் வேலை செய்கிறேன்" என்று காட்டுங்கள். புத்தகத்துக்கு ஒரு தூரம், தையல் மிஷினுக்கு ஒரு தூரம். தூரம் மாறினால் பவரும் மாறும்.

சில சமயம் கண்ணில் மருந்து விட்டு உள்ளே பார்ப்பார்கள். அதன்பின் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் மங்கும். பயப்பட வேண்டாம். அன்று வண்டி ஓட்ட வேண்டாம். துணைக்கு ஒருவர் வரட்டும்.

சீட்டைப் படியுங்கள்

பரிசோதனை முடிந்ததும் ஒரு சீட்டு தருவார்கள். அதை மடித்து முந்தானையில் முடிந்துவிடாதீர்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

சீட்டில் இரண்டு வரி இருக்கும். ஒன்று வலது கண், மற்றொன்று இடது கண். எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் 'பிளஸ்' பவர். வெள்ளெழுத்துக்குப் பிளஸ்தான். கழித்தல் குறி இருந்தால் 'மைனஸ்'. அது தூரப் பார்வைக் குறைக்கு.

பவர் கால் காலாக ஏறும். 0.25 என்றால் கால். 0.50 என்றால் அரை. 0.75 என்றால் முக்கால். +1.50 என்றால் பிளஸ் ஒன்றரை. 'ஆட்' என்று எழுதியிருந்தால், கிட்டத்தில் பார்க்கக் கூடுதலாகச் சேர்க்க வேண்டிய பவர். 'சிலிண்டர்', 'ஆக்ஸிஸ்' என்ற இடத்தில் எண் இருந்தால், உங்கள் கண்ணுக்குக் கண்ணாடியைத் தனியாகச் செய்துதான் போட வேண்டும். ரெடிமேட் கண்ணாடி சரிப்படாது.

சீட்டு உங்களுடையது. கேட்டு வாங்குங்கள். எந்தக் கடையிலும் அதைக் காட்டிக் கண்ணாடி செய்துகொள்ளலாம்.

நல்ல கண்ணாடி எது?

விலை கூடியதெல்லாம் நல்லது அல்ல. விலை குறைந்ததெல்லாம் மோசமும் அல்ல. பார்க்க வேண்டியவை இவை.

முதலில் பிரேம். மூக்கில் சரியாக உட்கார வேண்டும். குனிந்து பூக் கட்டும்போது வழுக்கி விழக்கூடாது. காதுக்குப் பின்னால் வலிக்கக்கூடாது. கண் இமை லென்ஸில் உரசக்கூடாது. கருவிழி லென்ஸின் நடுவுக்கு நேராக வர வேண்டும். இதற்காகக் கடைக்காரர் இரண்டு கருவிழிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அளக்காமல் செய்தால் "அளவு எடுங்க அண்ணா" என்று கேளுங்கள்.

அடுத்து லென்ஸ். கண்ணாடி லென்ஸ் கனமாக இருக்கும், உடைந்தால் தெறிக்கும். பிளாஸ்டிக் லென்ஸ் லேசானது, எளிதில் உடையாது, ஆனால் கீறல் விழும். பிள்ளைகளுக்கும் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கும் 'பாலிகார்பனேட்' லென்ஸ் நல்லது. அடி தாங்கும்.

லென்ஸைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கையை நீட்டிப் பிடியுங்கள். அதன் வழியாக ஜன்னல் கம்பியைப் பாருங்கள். மெல்ல இப்படியும் அப்படியும் அசையுங்கள். கம்பி நீரில் தெரியும் நிழல் போல நெளிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம்.

பிளஸ் பவரையும் ஏறக்குறையச் சோதிக்கலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் அருகே லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் ஜன்னல் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். +2.00 என்றால் சுவருக்கும் லென்ஸுக்கும் இடையே ஏறக்குறைய 50 செ.மீ. இருக்கும். +2.50 என்றால் ஏறக்குறைய 40 செ.மீ. 100-ஐப் பவரால் வகுத்துப் பாருங்கள், கணக்கு புரியும். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்று சீட்டில் இருந்தால், இரண்டு லென்ஸிலும் ஒரே தூரம் வர வேண்டும்.

நடைபாதைக் கடையில் ரெடிமேட் கண்ணாடி விற்கிறார்கள். அதை வாங்கலாமா? கண்ணைப் பரிசோதித்து, இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், வேறு நோய் இல்லை என்று தெரிந்தால் படிக்க வாங்கலாம். நெளிவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பரிசோதிக்காமல் வாங்குவதுதான் தப்பு. கண்ணாடி போட்டு எழுத்து தெரிந்துவிட்டது என்று திருப்தியாக இருந்துவிடுவோம். உள்ளே வேறு நோய் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும்.

வெயில் கண்ணாடி வாங்கினால் கருப்பைப் பார்க்காதீர்கள். 'யு.வி. 400' என்று இருக்கிறதா, நம்பகமான கடையா என்று பாருங்கள். கண்ணுக்குக் கெடுதல் செய்யும் கதிரை அதுதான் தடுக்கும். வெறும் கருப்புக் கண்ணாடி போட்டால் கருவிழி விரிந்து அந்தக் கதிர் கூடுதலாக உள்ளே போகலாம்.

போன் வெளிச்சத்தைத் தடுக்கும் 'புளூ கட்' லென்ஸ் என்று கூடுதல் பணம் கேட்பார்கள். 2023-ல் காக்ரேன் என்ற ஆராய்ச்சி அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கண் களைப்பைக் குறைப்பதில் அந்த லென்ஸால் பெரிய பலன் தெரியவில்லை. அந்தப் பணத்தை நல்ல பிரேமில் போடுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். பார்வைக் கண்ணாடிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

வாங்கியதைக் காப்பது

கண்ணாடியை இரண்டு கையாலும் போடுங்கள், கழற்றுங்கள். லென்ஸ் தரையில் படும்படி கவிழ்த்து வைக்காதீர்கள். தூசி இருக்கும்போது புடவை முந்தானையால் துடைத்தால் கீறல் விழும். தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். ஆட்டோவின் முன்பக்கம் வெயிலில் வைக்காதீர்கள். மேல் பாதி தூரத்துக்கும் கீழ்ப் பாதி கிட்டத்துக்கும் உள்ள கண்ணாடி என்றால், படி இறங்கும்போது தலையைக் குனிந்து மேல் பாதி வழியாகப் பாருங்கள். இல்லையென்றால் படி தவறும்.

ஒரே கண்ணாடியை வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் போடுவதும் வேண்டாம். பெரியவர்களின் கண் அதனால் கெட்டுப்போகாது. ஆனால் தலை வலிக்கும், வேலை ஓடாது.

கண்ணாடியால் தீராதவை

எல்லா மங்கலும் வெள்ளெழுத்து அல்ல. வயதானவர்களுக்குப் புகை மூட்டம் போலத் தெரிந்தால் புரையாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, ஆபரேஷன்தான் வழி. இப்போது அது சின்ன ஆபரேஷன். உள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த லென்ஸை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்ய 1992-ல் அங்கே ஆரோலேப் தொடங்கியது. அதனால் ஏழைக்கும் அந்த லென்ஸ் கிடைத்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு முறை கண்ணின் உள்பக்கத்தைக் காட்ட வேண்டும். கண் அழுத்த நோய் வலியில்லாமல் பார்வையைத் தின்னும். போன பார்வை திரும்பாது. 40 வயதுக்கு மேல் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளை டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலோ, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, மாறுகண் தெரிந்தாலோ உடனே காட்டுங்கள். சில குறைகளை ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால்தான் நன்றாகச் சரியாகும். பிள்ளைகளை வெளியிலும் விளையாட விடுங்கள். பகல் வெளிச்சம் கண்ணுக்கு நல்லது.

கண்ணில் சுண்ணாம்போ ஆசிட்டோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் விடாதீர்கள். வெல்டிங் செய்பவர்கள் தடுப்புக் கண்ணாடி இல்லாமல் தீப்பொறியைப் பார்க்காதீர்கள். திடீரென்று பார்வை போனாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ அன்றைக்கே போங்கள்.

பூக்கார அம்மா திரும்பி வந்தார்

2017-ல் அசாம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களில் ஒரு பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக இலை பறித்தார்கள். அதே கை, அதே செடி. கண் மட்டும் தெளிந்தது. பூக் கட்டும் கைக்கும், கார்மெண்ட்ஸில் தைக்கும் கைக்கும் இதே கணக்கு பொருந்தாதா?

பாடம் சொல்லும் பெண் அந்தப் பூக்கார அம்மாவை விடவில்லை. ஒரு நாள் மார்க்கெட் முடிந்ததும் அப்படியே மிண்டோவுக்கு அழைத்துப் போனார். பிளஸ் ஒன்றரை. அவ்வளவுதான். கண்ணாடி போட்டு அதே புத்தகத்தை, அதே பக்கத்தை விரித்தார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரலை வைத்து மெல்லக் கேட்டார்: "இந்த எழுத்துக்கு மேல புள்ளி இருந்துச்சா? இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்லையே!"

புள்ளி தெரியாமல் 'க'வும் 'க்'கும் ஒன்றாகத்தான் இருக்கும். அது அவருடைய தப்பா?

நண்பர்களே, உங்கள் வகுப்பிலிருந்து நின்றுபோனவர் யார்? "எனக்கு மண்டையில் ஏறவில்லை" என்று சொன்னவர் யார்? இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள். கையில் ஊசியும் நூலும் கொடுத்துப் பாருங்கள். கோக்க முடியவில்லை என்றால் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பிறகு வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.



பேசிப் பாருங்கள்

1. உங்கள் வகுப்பில் 40 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் கண்ணைப் பரிசோதித்தவர்கள் எத்தனை பேர்?

2. ஒருவருடைய சீட்டில் வலது கண் +1.75, இடது கண் +2.25 என்று இருக்கிறது. இதைக் கால், அரை, முக்கால் கணக்கில் சொல்லுங்கள். இவர் ரெடிமேட் கண்ணாடி வாங்கலாமா?

3. உங்கள் தெருவில் கண்ணாடி போட வெட்கப்படுபவர் யாராவது இருக்கிறார்களா? அவரிடம் என்ன சொல்வீர்கள்?